ஒரு நாள்தான் இருக்கிறது: தஞ்சாவூரா, கங்கைகொண்ட சோழபுரமா?

இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று கார் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் உண்டு. நடுவில் சுமார் 70 கிலோமீட்டர். மதியம் நடை சாத்திவிடுவார்கள். கடைசியில் இரண்டு கோபுரத்துக்கும் முன்னால் எடுத்த செல்ஃபிதான் மிஞ்சும். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

அப்பா கட்டியது பெரிய கோயில். ராஜராஜன் 1010இல் முடித்தான், கருவறைக்கு மேலே எழும் கோபுரமான விமானம் 200 அடியைத் தாண்டும். மகன் ராஜேந்திரன் அடுத்த தலைமுறையில் கட்டியது சுமார் 180 அடி. உயரத்தை விட வடிவத்தைப் பாருங்கள். தஞ்சை விமானம் நேர்கோட்டில் விறைப்பாக ஏறும். சோழபுரத்தில் அதுவே உள்வாங்கி வளைந்து மேலே போகும்.

தஞ்சாவூரில் பலர் தவறவிடுவது விமானத்தின் அடிப்பகுதியை. எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். கல்வெட்டோ இடுப்பு உயரத்தில் ஓடுகிறது. 'நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்' என்று ராஜராஜன் எழுதி வைக்கச் சொன்னது அங்கேதான் இருக்கிறது. அக்கன் என்றால் குந்தவை. ஆடல் மகளிர் 400 பேரின் பெயரும், யாருக்கு எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (பக்கம்), எத்தனையாவது வீடு என்பதுவரை பதிவாகியிருக்கிறது. விமான நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். சாயங்காலம் அந்த நிழலில்தான் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

தஞ்சையின் இன்னொரு பலம் ஊர். மதியம் நடை சாத்தினால் அரண்மனைக்குப் போய்விடலாம். கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர், அதாவது காளைமேல் கை சாய்த்து நிற்கும் சிவனின் செப்புத் திருமேனி இருக்கிறது. காளை காணாமல் போய்விட்டது. சாய்ந்த கை மட்டும் வெறுங்காற்றில் ஒயிலாக நிற்கிறது. தலைமுடியைத் தலைப்பாகை மாதிரி சுற்றியிருக்கும் அழகைப் பின்பக்கமாகப் போயும் பாருங்கள். பக்கத்திலேயே சரஸ்வதி மகால் நூலகம்.

சோழபுரத்தில் இப்படி ஒதுங்க இடம் கிடையாது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி மாளிகைமேட்டில் அரண்மனையின் செங்கல் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. கங்கை வரை படை அனுப்பியவனின் தலைநகரில் மிச்சம் அவ்வளவுதான். சாப்பாட்டைக் கும்பகோணத்திலேயே முடித்துக்கொண்டு போவது புத்திசாலித்தனம்.

ஆனாலும் என் ஓட்டு சோழபுரத்துக்குத்தான். காரணம் ஒரே ஒரு சிற்பம். வடக்குப் பக்கப் படிக்கட்டு அருகே, சிவன் தன் பக்தர் சண்டேசரின் தலையில் கொன்றை மாலையைச் சுற்றுகிறார். சண்டேசர் கைகூப்பித் தலை குனிந்திருக்கிறார். பார்வதி பக்கத்தில். சிவனின் விரல்கள் அந்த மாலையைப் பிடித்திருக்கும் பதவிசு, குழந்தைக்குத் தலை வாரிவிடுகிற அப்பாவை நினைவூட்டும். அதில் முடிசூடுவது ராஜேந்திரனே என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அது தேவைப்படவில்லை. தஞ்சையில் கூட்டம் தள்ளிக்கொண்டே போகும். இங்கே புல்தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

சின்னக் குழந்தைகளோடு போனால் இரண்டும் வேண்டாம், கும்பகோணத்தை ஒட்டிய தாராசுரம் போங்கள். ஒரே தலையில் யானையும் காளையும் தெரிகிற சிற்பம் போதும் அவர்களுக்கு. முதன்முறையாகச் சோழ நாட்டுக்கு வருகிறவர், வயதானவர்களை அழைத்து வருகிறவர் என்றால் தஞ்சாவூர்தான் வசதி. எந்தக் கோயிலானாலும் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். பதினோரு மணிக்கு மேல் கல்தரையில் வெறுங்காலோடு ஓட்டம்தான்.

சரி, சோழபுரம் என்று முடிவு செய்துவிட்டால் கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாகப் போங்கள். 1836இல் அங்கே கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டியபோது, சோழபுரத்து மதில் கல்லைத்தான் பெயர்த்துக் கொண்டு போனார்கள். கோயிலின் ஒரு பகுதியைப் போகிற வழியிலேயே பார்த்த கணக்கு.