கொத்துவதா, குத்துவதா? வீட்டுத் தோட்டத்துக்கு எந்தக் கருவி

வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட் செம்மண். நாலு கத்தரி, நாலு வெண்டை, ஒரு முருங்கை. இதற்கு என்ன கருவி வாங்கலாம் என்று போனில் தேடினால் முதலில் வந்து நிற்பது பச்சைப் பிடி போட்ட ஐந்து உருப்படி செட்தான். நானும் வாங்கினேன். சித்திரை வெயிலில் இறுகிக் கிடந்த தரையில் கைக்கரண்டியைக் குத்தினேன், கழுத்தோடு மடங்கிக்கொண்டது.

கரண்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. தேங்காய்நார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்த பொலபொல மண்ணுக்குச் செய்தது அது. மாடியில் பைகளில் செடி வைத்திருப்பவர்களுக்கு அதுவே போதும். அங்கே களைக்கொத்தை ஓங்கினால் பை கிழியும். தரைக்கு வந்தால் கதை வேறு. கொத்தின் தலைக்கனமே பாதி வேலையைச் செய்துவிடும். கோரையைக் கையால் இழுத்தால் தாள் மட்டும்தான் வரும், கிழங்கு உள்ளே இருந்து மறுபடி துளிர்க்கும். கொத்து முனையைப் பக்கவாட்டில் இறக்கி நெம்பினால்தான் கிழங்கு மேலே வரும்.

மண்வெட்டியா, காலால் மிதித்து இறக்கும் ஸ்பேடா என்பதற்கும் இதே கணக்குதான். ஸ்பேடுக்கு ஈர மண்ணும் கனத்த பூட்ஸும் வேண்டும். ரப்பர் செருப்போடு மிதித்துப் பாருங்கள், உள்ளங்கால் பதில் சொல்லும். வேரோடு ஒரு செடியை இடம் மாற்ற அது அருமையான கருவி, ஆனால் அந்த வேலை வருஷத்துக்கு எத்தனை முறை வரும்? மண்வெட்டி வெட்டும், வாரும், பாத்தி கட்டும், தண்ணீர் திருப்பும். குனிந்தே செய்வதால் இடுப்பு பிடிக்கும், அதை மறைக்கவில்லை. அதனால் வயல்காரர்களின் அகலத் தலை வேண்டாம், சின்னதாகப் பாருங்கள்.

இரும்புத் தலையைக் கடையில் வாங்குவதா, கொல்லன் பட்டறையில் அடித்து வாங்குவதா? கடையில் எடை சீராக இருக்கும். களைக்கொத்துக்கு மட்டும் நான் பட்டறைப் பக்கம். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது மழுங்கினால் அதே உலையில் காய்ச்சித் தட்டித் தருவார்கள். காம்பு கருவேலமாக இருக்கட்டும். தலை காம்பில் ஆடினால் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போடுவார்கள், மரம் ஊதி இறுகும். காய்ந்ததும் மறுபடி ஆடும். ஆப்பு அடிப்பதே மேல்.

கிளை நறுக்கும் கவாத்துக் கத்தரியில் இரண்டு அலகும் உரசிப் போகும் பைபாஸ் வகையை வாங்குங்கள். ஒரு அலகு தட்டை மேல் இறங்கும் ஆன்வில் வகை, ரோஜா, செம்பருத்தியின் பச்சைத் தண்டை நசுக்கிவிடும். காய்ந்த குச்சிக்கு அது சரி. முருங்கைக் கிளைக்கு இரண்டும் வேண்டாம், அரிவாள் இருக்கிறது. நாற்று விட்டிருந்தால் பூவாளி, இல்லையென்றால் ஹோஸ்.

மடங்கிய கைக்கரண்டியைத் தட்டி நிமிர்த்தி உரச்சாக்கில் போட்டு வைத்திருக்கிறேன். செடிக்கு ஒரு கரண்டி, அளவு கச்சிதம்.