டெலிசியஸா, ஸ்டம்பிள்அப்பானா?

இணையத்தில் புதிய பக்கங்களைக் கண்டுபிடிக்க ஒரு காலத்தில் இருந்த இரண்டு தளங்கள் இவை. ஸ்டம்பிள்அப்பானில் பிடித்த துறைகளைக் குறித்துவிட்டு பட்டனை அழுத்தினால் போதும், எங்கிருந்தோ ஒரு இணையப் பக்கம் வந்து நிற்கும். பிடித்தால் கட்டைவிரல் மேலே, இல்லையென்றால் கீழே, அதை வைத்து அடுத்ததைக் காட்டும். நேரம் போவதே தெரியாது.

ஆனாலும் 2003-ல் ஜோஷுவா ஷாக்டர் தொடங்கிய டெலிசியஸ்தான் எனக்கு ஒரு படி மேல். அதில் ஒரு பக்கத்தின் சுட்டியைச் சேமித்து நாமே குறிச்சொல் போடுவோம், அப்புறம் அதே சுட்டியை வேறு யார் சேமித்திருக்கிறார்கள் என்று பார்த்து அவருடைய பட்டியலுக்குள் நுழைந்தால், நம்மைப் போலவே ரசனையுள்ள ஒருவர் வருஷக்கணக்கில் பொறுக்கிச் சேர்த்தது மொத்தமும் கண்முன் விரியும். எந்தப் பட்டனும் அதைத் தந்ததில்லை.

ஸ்டம்பிள்அப்பானை 2018-ல் மூடினார்கள், சரி. டெலிசியஸை 2005-ல் யாஹூ வாங்கி, பிறகு அது பலர் கைமாறி, 2017-ல் புதிதாக எதையும் சேமிக்க முடியாமல் நின்றுபோனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.