ஃப்ரீபிபிஎக்ஸ்: சாப்ட்வேர் ஓசி, ஆனா பாத்துக்க ஆளு வேணும்

ஆபீஸ் போன் சிஸ்டத்த கம்ப்யூட்டர்லயே ஓட்டுற சாப்ட்வேர் ஃப்ரீபிபிஎக்ஸ், அதைப் போடலாமான்னு கேக்குறவங்களுக்கு நேராவே சொல்லிடுறேன்லா, நல்ல சாமான், காசும் கேக்காது, ஆனா லினக்ஸ்னா பயப்படாத ஒரு ஆளு ஆபீஸ்ல இருந்தா மட்டும் கை வைங்க.

நாங்க பினாங்கு பட்டர்வர்த்துல ஃபார்வர்டிங் (சரக்கு அனுப்புற தொழில்) பண்றோம், பிறைல ஒரு கோடவுன், பினாங்கு தீவுல ஒரு சின்ன ஆபீஸ். ஆபீஸ் போன் எல்லாத்தையும் இணைக்கிற பழைய பிபிஎக்ஸ் பொட்டி இருந்தப்ப ஒரு எக்ஸ்டென்ஷன் பேரு மாத்தணும்னாகூட வெண்டர் ஆளுக்கு போன் அடிக்கணும், அவரு பாலத்துல ஜாம்னு சொல்லிட்டு சாயங்காலமா வந்து ரெண்டு பட்டன அமுக்கிட்டு பில் குடுத்துட்டுப் போவாரு. இப்ப பிரவுசர்ல நானே மாத்திக்கிறேன். மூணு இடமும் ஒரே சிஸ்டம், கோடவுனுக்குப் பேசுனா கால் சார்ஜ் கிடையாது.

உள்ள நிஜமா வேலை பாக்குறது ஆஸ்டெரிஸ்க், 1999ல மார்க் ஸ்பென்சர் எழுதுனது, சொந்தக் கம்பெனிக்கு போன் சிஸ்டம் வாங்க கட்டுப்படியாகாம தானே எழுதிட்டாரு மனுஷன். அதை வெறுமனே ஓட்டணும்னா எல்லாத்தையும் கான்ஃபிக் பைல்ல டைப் பண்ணணும், அந்தத் தலவலி இல்லாம கிளிக் பண்ணிக்கத்தான் ஃப்ரீபிபிஎக்ஸ். ரெண்டுமே இப்ப சங்கோமாங்கிற கம்பெனி கையில. சில மாட்யூலுக்கு (கூடுதல் வசதிக்கு) காசு கேப்பாங்க, எங்களுக்கு அது இல்லாமலே ஓடுது. புதுசா போடுறவங்க வெர்ஷன் 17 போடுங்க, டெபியன் 12ங்கிற லினக்ஸ் மேல ஓடுது. பழைய 16 உக்காந்திருக்கிற சென்ட்ஓஎஸ் 7ங்கிற லினக்ஸுக்கு 2024 ஜூனோட சப்போர்ட் முடிஞ்சு போச்சு.

எனக்கு ரொம்பப் புடிச்சது கால் பண்றவங்களுக்குக் கேக்குற மெனுவும், நேரத்தப் பாத்து கால திருப்பி விடுற டைம் கண்டிஷனும்தான். கூட வர்ற வாய்ஸ்ல தமிழும் கிடையாது மலாயும் கிடையாது, பரவால்ல, நம்ம அக்கவுண்ட்ஸ் அக்கா எக்ஸ்டென்ஷனுக்கு சிஸ்டமே கூப்பிடும், பீப் கேட்டதும் "கண்டெய்னர் விசயமா இருந்தா ஒன்னு அமுக்குங்க"ன்னு பேசுனா ரெக்கார்டிங் ரெடி. பின்னாடி ஒரு லோரி ஹாரன் விழுந்திருக்கு, மாத்தவே இல்ல. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்காக லஞ்ச் நீளும்ல, அதுக்குத் தனி டைம் குரூப் போட்டா கால் எல்லாம் அந்த நேரத்துல கவுண்டர்ல இருக்கிற தம்பிக்குப் போயிரும். தைப்பூசம் மட்டும் வருஷா வருஷம் தேதி மாறும், நாமதான் ஞாபகமா மாத்தணும்.

இனிமே கஷ்டம். முதல் நாளு எல்லாருக்கும் வர்ற கம்ப்ளெயின்ட், "நான் பேசுறது கேக்குது, அவங்க பேசுறது கேக்கல". நம்ம சர்வர் தன்னோட உள் ஐபிய (ஆபீஸுக்குள்ள மட்டும் செல்லுற அட்ரஸ) வெளிய சொல்லிடும், குரல் அந்த அட்ரஸத் தேடி எங்கயோ போயிரும். சிப் (SIP, இன்டர்நெட் வழியா கால் போடுற முறை) செட்டிங்ஸ்ல வெளி ஐபியும் லோக்கல் நெட்வொர்க்கும் சரியா போடுங்க, அப்புறம் இன்டர்நெட் கம்பெனி குடுத்த ரவுட்டர்ல சிப் ஏஎல்ஜின்னு ஒன்னு இருக்கும், அதை ஆஃப் பண்ணுங்க. ஃபயர்வால்ல குரல் போற ஆர்டிபிக்கு 10000லேருந்து 20000 வரைக்கும் யூடிபி போர்ட்ட தொறந்து விடுங்க. லைன் ஸ்பீடு பெரிய விசயமே இல்ல, ஜி.711ங்கிற குரல் ஃபார்மட்ல ஒரு காலுக்கு போக வர தலா 90 கேபிபிஎஸ் கிட்டதான்.

அடுத்தது திருடனுங்க. சிப் கால் வர்ற 5060 போர்ட்ட உலகத்துக்கே தொறந்து வச்சீங்கன்னா பாஸ்வேர்டு அடிச்சுப் பாக்க ஆரம்பிச்சிருவானுங்க, சின்ன பாஸ்வேர்டுன்னா ராத்திரில ஏதோ ஒரு நாட்டுக்கு கால் போட்டு காலையில பில் உங்க தலையில. தப்பு பாஸ்வேர்டு அடிக்கிறவன தடுக்கிற ஃபெயில்2பேன் ஆன்ல இருக்கட்டும், வெளிநாட்டுக்கு கால் போற ரூட்ட பூட்டி வைங்க, அட்மின் பேஜ் இன்டர்நெட்ல தெரியவே கூடாது. 2025 ஆகஸ்ட்ல ஃப்ரீபிபிஎக்ஸோட எண்ட்பாயிண்ட் மாட்யூல் ஓட்டை வழியா பூந்தானுங்கல்ல, மாட்டுனது அட்மின் பேஜ வெளிய தெரியிற மாதிரி விட்டவங்கதான். ஆளு வேணும்னு நான் சொல்றது இந்த அப்டேட் பாக்குற வேலைக்குத்தான், இன்ஸ்டால் யாரு வேணா பண்ணிடலாம்.

ஹேண்ட்போன்ல லின்போன்ங்கிற ஆப் போட்டா வெளிய இருக்கும்போதும் ஆபீஸ் நம்பர்ல பேசலாம், ஆனா ஆண்ட்ராய்டு பேட்டரி மிச்சம் பண்றேன்னு ஆப்ப தூங்க வச்சிரும், கால் வந்தது தெரியாது, அந்த செட்டிங்க மாத்தி விடுங்க.

பேக்ஸ் மட்டும் இதுல கட்டாதீங்க, பாதி பேஜ்ல அந்துரும். நாங்க எல்லா கஸ்டமரையும் ஈமெயிலுக்கு மாத்திட்டோம், ஒரே ஒரு தவுக்கே (முதலாளி) மட்டும் பேக்ஸ்தான் அனுப்புவேன்னு இன்னும் நிக்கிறாரு.