சிறு கெண்டையின் மைட்டோகாண்ட்ரியா முழுவதும் வேண்டுமா? லாங் பிசிஆரா, ஸ்கிம்மிங்கா?

தாமிரபரணியில் வாழும் சிறு கெண்டை மீனான டாக்கின்சியா டாம்ப்ரபர்னியும் காவிரிப் பக்கத்து டாக்கின்சியா அருலியஸும் பார்வைக்கு நெருங்கிய உறவுக்காரர்கள். 1954ல் மீனியலாளர் சைலாஸ் முதலாவதை இரண்டாவதன் துணையினமாகத்தான் விவரித்தார். டாக்கின்சியா என்ற பேரினமே 2012ல்தான் தனியாகப் பிரிந்தது. இப்படிப்பட்ட மீன்களில் பிடிபட்டது எந்த இனம் என்று தெரிந்தால் போதுமென்றால், இனத்தை அடையாளம் காட்டும் சிஓஐ என்ற மைட்டோகாண்ட்ரிய மரபணுவின் 650 டிஎன்ஏ எழுத்துகளைப் படித்தாலே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். எந்த ஆற்று மீன் எதிலிருந்து எப்போது பிரிந்தது என்று கேட்டால் அது போதாது. மைட்டோகாண்ட்ரியா என்ற செல் உறுப்பு தனக்கென்று வைத்திருக்கும் வளைய டிஎன்ஏவின் ஏறக்குறைய 16,500 எழுத்துகளும், அதில் இருக்கும் 37 மரபணுக்களும் வேண்டும்.

இதற்கு, டிஎன்ஏவை நீளமான துண்டுகளாகப் பிரதி எடுத்துப் பெருக்கும் லாங் பிசிஆர் செய்து, சிறிது சிறிதாக எழுத்துகளைப் படிக்கும் சேங்கர் முறையில் படிக்கலாம். மொத்த டிஎன்ஏவையும் மேலோட்டமாகப் படித்து மைட்டோகாண்ட்ரியாவைக் கணினியில் பிரித்தெடுக்கும் ஜீனோம் ஸ்கிம்மிங் செய்யலாம். நீண்ட இழையை அப்படியே படிக்கும் நானோபோரும் இருக்கிறது. நான் ஸ்கிம்மிங்கைத் தேர்ந்தெடுத்தேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

லாங் பிசிஆரைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 1990களின் கடைசியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் மியாவும் நிஷிதாவும் மீன்களுக்கென்று வகுத்துத் தந்த அந்த வழியில்தான் ஏராளமான மீன்களின் வரிசை கிடைத்தது. செல்லின் உட்கருவில் இருக்கும் டிஎன்ஏவுக்குள் ஒட்டிக்கிடக்கும் போலி மைட்டோகாண்ட்ரியத் துண்டுகளிடம் ஏமாறாமல் இருக்கவும் அது உதவும். அவை பெரும்பாலும் சிறியவை என்பதால் 8,000 எழுத்து நீளத்துக்குப் பெருகி வருவது அரிது. ஆனால் சேங்கரில் ஒரு தடவைக்கு 700, 800 எழுத்துதான் படிக்கலாம் என்பதால் பிரைமர்கள், அதாவது பிரதி எடுப்பதைத் தொடங்கிவைக்க ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகள், நிறைய வேண்டும். புதிய இனத்தில் பிரைமர் ஒட்டும் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தால்கூட அந்தத் துண்டு வராமல் போகலாம்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது பிரைமர் அல்ல, டிஎன்ஏவின் நிலைமை. விரல் நீள மீனில் எடுக்கக்கூடிய சதை எவ்வளவு? அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டிய மாதிரி என்றால் உடம்பை வெட்டவும் முடியாது. இடப்பக்கத்தைப் படம் எடுப்பதற்கு விட்டுவிட்டு, வலப்பக்கத் துடுப்பில் சின்னத் துண்டு நறுக்கிக்கொள்வதுதான் வழக்கம். அந்தத் துண்டு எத்தனாலில் வெயிலோடு ஊர் வந்து சேரவேண்டும். முழு மீனையே போட்டிருந்தால் அதன் உடம்பு நீர் எத்தனாலை நீர்க்கச் செய்துவிடும். முதல் நாளே மாற்றாவிட்டால் டிஎன்ஏ துண்டு துண்டாகிவிடும். ஃபார்மலினில் கிடந்த பழைய மாதிரியின் கதை இன்னும் மோசம்.

லாங் பிசிஆருக்கு 8,000 எழுத்து நீளத்தில் உடையாத இழைகள் தேவை. ஸ்கிம்மிங்கிலோ, நல்ல டிஎன்ஏவையே நாம் சில நூறு எழுத்துத் துண்டுகளாக உடைத்துத்தான் இயந்திரத்துக்குக் கொடுக்கிறோம். ஏற்கனவே உடைந்திருந்தால் ஓரளவு வரை நஷ்டமில்லை. நல்ல ஃப்ரீசர் இல்லாத இடத்திலிருந்து வரும் மாதிரிகளை நம்பி வேலை செய்பவருக்கு இந்த ஒன்றே போதும்.

அளவும் கவலைப்படும்படி இல்லை. 300 கோடி எழுத்துகள் படிக்கிறோம், அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைட்டோகாண்ட்ரியா என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சம் எழுத்து. 16,500ஆல் வகுத்தால் ஒவ்வொரு இடமும் சுமார் 180 முறை படிக்கப்பட்டிருக்கும். சதையில் பங்கு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அந்த ஆழம் இருப்பதால் போலித் துண்டுகள் ஒன்றிரண்டு முறை மட்டும் தெரிந்து ஒதுங்கிவிடும். சிஓஐ துண்டை விதையாகக் கொடுத்தால் நோவோபிளாஸ்டி என்ற மென்பொருள் வளையத்தைக் கட்டித் தரும். மைட்டோஅனோடேட்டர் மரபணுக்களைக் குறித்துத் தரும்.

அப்புறம், மீதித் தரவு வீண் போவதில்லை. உட்கருவில் நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும் ரைபோசோம் மரபணுக்களும் அதிலேயே கிடைக்கும். மைட்டோகாண்ட்ரியா சொல்வது தாய்வழிக் கதையை மட்டும்தானே. இரண்டு இனங்கள் கலந்திருந்தால் தாய்வழி மரம் நம்மைத் தவறான கிளைக்குக் கூட்டிப்போகும். தந்தை பக்கத்தையும் ஒரு பார்வை பார்க்க இந்த மரபணுக்கள் உதவும்.

நானோபோரைப் பற்றி அளந்துதான் பேசவேண்டும், எனக்கு அதில் பழக்கம் குறைவு. உடையாத டிஎன்ஏ இருந்தால் ஒரே வாசிப்பில் வளையம் முழுதும் வரக்கூடும் என்பது பெரிய கவர்ச்சி. ஒரே எழுத்து தொடர்ந்து வரும் இடங்களில் பிழை செய்த பழைய குறையும் புதிய வேதியியலில் வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் அந்தக் கவர்ச்சிக்கும் நீளமான இழைதான் முதல்.

சரி, ஸ்கிம்மிங் எங்கே தடுமாறும்? வளையத்தில் மரபணுக்கள் இல்லாத டி-லூப் பகுதியில். ஒரே சொற்றொடர் பலமுறை அடுக்கி வரும் மீன்களில், 150 எழுத்து வாசிப்புகளால் எத்தனை அடுக்கு என்று எண்ண முடியாது. மென்பொருள் அவற்றைச் சுருக்கிவிடும். அங்கே மட்டும் நான் பிசிஆருக்குத் திரும்புகிறேன். இருபுறமும் இருக்கும் புரோலின், பினைல்அலனின் டிஆர்என்ஏ மரபணுக்களில் பிரைமர் வைத்து அந்த ஆயிரம் சொச்சம் எழுத்துகளை சேங்கரில் படித்துக்கொள்கிறேன். துண்டு சிறியது என்பதால் சுமாரான டிஎன்ஏவிலும் பெரும்பாலும் வந்துவிடுகிறது.