ஒரே கைது, நாலு செய்தி: யாழ்ப்பாணத்து வீட்டுக்கு வரும் அலைவரிசைகளை எடைபோடுதல்

நெடுந்தீவுக்கு அப்பால் கடற்படை ஒரு றோலரை (இழுவைப் படகை) பிடித்தால், பொழுதுபடுவதற்குள் அந்தச் செய்தி யாழ்ப்பாணத்து வீட்டுக்கு நாலு வழியால் வந்துவிடும்: அரச வானொலியும் தொலைக்காட்சியும், கொழும்பிலிருந்து வரும் தனியார் தமிழ் அலைவரிசை, டிஷ் வழியே தமிழகச் செய்தி, கைபேசியில் உள்ளூர் யூடியூப். எந்த அலைவரிசை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க இதைவிடத் தோதான செய்தி கிடைக்காது. சம்பவம் ஒன்று, மொழியும் ஒன்று. வேறுபடுவது சொல்லும் விதம் மட்டுமே.

தமிழகத் தலைப்பின் வழக்கமான அச்சு இது: “எல்லை தாண்டியதாகக் கூறி தமிழக மீனவர்கள் 12 பேர் சிறைபிடிப்பு.” இங்குள்ள அச்சு: “எல்லை தாண்டி மீன்பிடித்த இந்திய மீனவர்கள் 12 பேர் கைது.” (12 என்பது உதாரணத்துக்கு.) இரண்டிலும் பொய் இல்லை. ஆனால் “தாண்டியதாகக் கூறி” என்றதும் எல்லை தாண்டியது வெறும் குற்றச்சாட்டாகிறது. “தாண்டி” என்றால் ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் வழக்கு எடுபடுவதற்கு முன்னரே தீர்ப்பு முடிந்துவிட்டது. கைது சட்டத்தின் வேலை, சிறைபிடிப்பு போரில் நடப்பது. “தமிழக மீனவர்” என்றால் உறவு, “இந்திய மீனவர்” என்றால் அயல்நாட்டவர். ஒரு வரிக்குள் மூன்று சாய்வு.

இரண்டு தலைப்பிலும் காணாமற்போனவர் குருநகரிலோ மயிலிட்டியிலோ பருத்தித்துறையிலோ வலை அறுந்து நிற்கும் கடற்றொழிலாளி. இந்திய-இலங்கை 1974, 1976 ஒப்பந்தங்கள் கடலில் கோடு கீறின. கடலடியை வாரி வரும் இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. முதலாவது நாடுகளின் கதை, இரண்டாவது தொழிலின் கதை. செய்தி எல்லைக்கோட்டை மட்டும் பேசினால் இழுவைமடி மறைந்துபோகும். சொன்னதைச் சரிபார்க்கலாம், சொல்லாமல் விட்டதைப் பிடிக்க இன்னொரு அலைவரிசையையும் பார்த்தே ஆகவேண்டும்.

தமிழகத் தொலைக்காட்சிகளின் சாய்வு ஒளிவுமறைவு இல்லாதது. 2007இல் வந்த கலைஞர் தொலைக்காட்சி தி.மு.க. பக்கம், மக்கள் தொலைக்காட்சி பா.ம.க. பக்கம். ஜெயா தொலைக்காட்சி சசிகலா குடும்பத்தோடு போனதும் அ.தி.மு.க.வுக்கு நியூஸ் ஜெ என்று புதிதாக ஒன்று தேவைப்பட்டது. கட்சிக்கொரு அலைவரிசை என்பது பார்க்க அசிங்கமாக இருக்கலாம், ஆனால் சொல்வதில் எவ்வளவைத் தள்ளிக் கேட்கவேண்டும், அதாவது எவ்வளவு கழிவு போடவேண்டும் என்று பார்ப்பவருக்கு முன்கூட்டியே தெரியும். இவற்றின் உண்மையான குறை வேறு: இலங்கை அவற்றுக்கு உள்ளூர் அரசியலின் ஒரு கருவி. சென்னையில் விவாதம் சூடாக இருக்கும் நாளில் மட்டும் நாம் தலைப்பாகிறோம்.

கொழும்புத் தனியார் அலைவரிசைகளில் அந்தச் சௌகரியம் இல்லை. கட்சிப் பெயர் எழுதியிருக்காது. அனுமதிப்பத்திரம் 1966ஆம் ஆண்டு வானொலிச் சட்டம், 1982ஆம் ஆண்டு தொலைக்காட்சிச் சட்டம் ஆகியவற்றின் கீழ் அமைச்சர் கையால் வருகிறது, விளம்பரம் வணிகர்களிடமிருந்து. உரிமையாளருக்கு வேறு வியாபாரங்களும் இருக்கலாம். சாய்வு எந்தப் பக்கம் என்பது ஆட்சியோடு சேர்ந்து மாறக்கூடும் என்பதால், போன வருடம் போட்ட கழிவு இந்த வருடம் பொருந்தாமல் போகலாம். எங்கள் கணக்கில் எடைபோடக் கடினமானது இந்த வகைதான்.

அரச ஊடகத்தின் பழக்கம் தெரிந்ததே: முதல் செய்தி ஜனாதிபதி, இரண்டாவது அமைச்சர், திறப்பு விழா, பிறகு மற்றவை. உள்ளூர் யூடியூப் காரரிடம் ஒரு நல்ல பக்கம் உண்டு. யாழ். ஊடக அமையத்தில் நடக்கும் செய்தியாளர் சந்திப்பை வெட்டாமல் முழுதாகப் போடுவார். கெட்ட பக்கம், ஒலிவாங்கி ஒருவர் முன்னால் மட்டுமே நீட்டப்படும். மறுதரப்பிடம் கேட்க நேரமும் இல்லை, பார்வைக் கணக்கில் அதற்கு இலாபமும் இல்லை. அரசியல்வாதியின் காணொளிக்கு யார் காசு கொடுத்தது என்றும் தெரியாது.

இனி, இவற்றைக் கட்டுப்படுத்தும் விதிகள். உலகில் அடிப்படையாக இரண்டு முறைகள்தான், ஒன்று மணிக்கூடு, மற்றது தராசு.

மணிக்கூட்டு முறை எல்லாருக்கும் சம நேரம் என்பது. அமெரிக்காவின் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் 315ஆம் பிரிவு இந்த வகை. ஆனால் உண்மையான செய்தியறிக்கைக்கு அது விலக்குக் கொடுத்துவிடுகிறது. ஏன் என்று புரிய நம்முடைய 2024 ஜனாதிபதித் தேர்தலைப் பாருங்கள். வேட்புமனு ஏற்கப்பட்டவர்கள் 39 பேர். அரை மணி நேர அறிக்கையில் 1,800 விநாடி. வேறொரு செய்தியும் இல்லாமல் பகிர்ந்தால் ஆளுக்கு 46 விநாடி. அது செய்தியல்ல, பெயர் வாசிப்பு. இன்னொரு ஓட்டை, அமைச்சர் பாலம் திறந்த 90 விநாடி “அபிவிருத்திச் செய்தி”யாகப் பதியப்படும், எதிரணியின் 90 விநாடி மட்டும் “அரசியல்” கணக்கில் ஏறும். திட்டிப் போட்ட ஒரு நிமிடமும் புகழ்ந்து போட்ட ஒரு நிமிடமும் மணிக்கூட்டுக்கு ஒன்றுதான்.

தராசு முறை பிரித்தானியாவுடையது. அங்கு ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் ஒஃப்கொம் அமைப்பின் விதிக்கோவையின் ஐந்தாம் பகுதி கேட்பது “தகுந்த நடுநிலை”. விடயத்துக்கு ஏற்ற அளவு போதும், சம நேரம் தேவையில்லை என்று அதுவே சொல்கிறது. அரசியல்வாதி செய்தி வாசிக்கக்கூடாது, அரிதான விதிவிலக்குத் தவிர. தொலைக்காட்சி 60 நாளுக்கும் வானொலி 42 நாளுக்கும் ஒலிபரப்பின் பதிவை வைத்திருக்க வேண்டும். முறைப்பாட்டுக்கு இது முதுகெலும்பு. நடுநிலை தவறியதற்காக ரஷ்ய அரசின் ஆர்.டி. அலைவரிசைக்கு 2019இல் 2 இலட்சம் பவுண், பிரித்தானியத் தனியார் அலைவரிசை ஜி.பி. நியூசுக்கு 2024இல் 1 இலட்சம் பவுண் தண்டம் விழுந்தது. ஆனாலும் வெட்டி ஒட்டும் மேசையில் நடப்பதை விதி முன்கூட்டித் தடுக்காது: ட்ரம்பின் ஓர் உரையில் 50 நிமிடத்துக்கு மேல் இடைவெளி உள்ள இரண்டு துண்டுகளை பிபிசி ஒன்றாக ஒட்டியது வெளிவந்தபோது, 2025 நவம்பரில் அதன் பணிப்பாளர் நாயகமும் செய்திப் பிரிவுத் தலைவரும் பதவி விலகினார்கள்.

தராசுதான் மேல். ஆனால் தராசைப் பிடிப்பவர் யார் என்பதில் நம் நாடு சறுக்குகிறது. ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் 1997இல் வந்தபோது, அந்தச் சபை அரசின் பிடியிலிருந்து விடுபட்டதல்ல என்று கண்டு உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. தேர்தல் காலத்தில் மட்டும் தேர்தல்கள் ஆணைக்குழு வழிகாட்டல் விதிக்கிறது. அரச ஊடகம் அதை மீறினால் அதன் தேர்தல் ஒலிபரப்பைப் பொறுப்பேற்கத் தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரை நியமிக்கும் வழியை 2001இன் 17ஆவது அரசியலமைப்புத் திருத்தம் திறந்தது. மற்ற நாட்களில் முறைப்பாடு நிலையத்தின் வாசலோடு நின்றுவிடும். இந்த நிலையில் புதிய தராசு கேட்பதை விட, தேர்தல் மாதங்களில் அரச ஊடகத்துக்கு மணிக்கூட்டையாவது இறுக்கிப் பிடிப்பது நடக்கக்கூடிய காரியம்.

வீட்டில் அளக்க ஒரு கொப்பி போதும். ஒரே கிழமையில் ஐந்து நாள், இரண்டு அலைவரிசைகளின் பிரதான இரவுச் செய்தி. ஒவ்வொரு செய்திக்கும் எத்தனையாவது இடம், எத்தனை விநாடி, ஆளின் சொந்தக் குரலா வாசிப்பாளர் சொன்னதா, கடைசிச் சொல் யாருடையது, என்ன வினைச்சொல் என்று ஐந்து நிரல். வினைச்சொல் நிரலை விடவேண்டாம். “கூறினார்” வெறுமையானது. “சுட்டிக்காட்டினார்”, “அம்பலப்படுத்தினார்” என்றால் சொன்னது உண்மை என்று வாசிப்பாளர் கையொப்பமிடுகிறார். “குற்றஞ்சாட்டினார்” என்றால் கையைக் கழுவுகிறார். ஆளும் தரப்புக்கு எப்போதும் “சுட்டிக்காட்டினார்”, எதிர்த்தரப்புக்கு எப்போதும் “குற்றஞ்சாட்டினார்” என்று வந்தால் விநாடிக் கணக்கு சமமாக இருந்தும் பயனில்லை.

பலர் விடும் பிழை, ஒரு நாள் அறிக்கையை வைத்தே முடிவெடுப்பது. வரவுசெலவுத் திட்டம் வாசிக்கும் நாளில் நிதியமைச்சர்தான் நிறைந்திருப்பார், அது சாய்வல்ல. ஆறாவது நிரல் ஒன்றும் போடலாம்: மற்ற அலைவரிசையில் வந்து இதில் வராத செய்தி. பெரும்பாலும் அந்த நிரல்தான் முதலில் நிரம்பும்.