மனசு உடைந்ததை ஸ்பானிஷில் சொல்ல ஓர் அகராதி

ஸ்பானிஷில் கதையோ வசனமோ எழுதும்போது "உடைஞ்சு போயிட்டேன், இனி முடியாது" என்று ஒரு பாத்திரம் சொல்லவேண்டிய இடத்தில் மாட்டிக்கொண்டால், மொழிபெயர்ப்புச் செயலியை மூடிவிட்டு ஸ்பெயினின் ராயல் அகாடமி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் அகராதியைத் திறங்கள். 1713-ல் தொடங்கிய, ஸ்பானிஷ் மொழிக்கான அமைப்பு. அகராதியின் 23-ஆம் பதிப்பு 2014-ல் வந்தது, இணையத்தில் அவ்வப்போது புதுப்பிக்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது, சொல்லின் அடிப்பொருளைக் காட்டிவிடுவதுதான். 'அகோதாதோ' என்றால் களைத்தவன், சரி, ஆனால் 'அகோதார்' என்ற வினையைத் தேடினால் உள்ளே இருக்கும் நீரையெல்லாம் இறைத்து வற்றவைப்பது என்று வருகிறது. டிக்கெட் விற்றுத் தீர்ந்தாலும் இதே சொல்தான். அப்படியானால் இவன் வற்றிப்போனவன், நொறுங்கினவன் இல்லை. நொறுங்கினவனுக்கு 'தெஸ்த்ரோசாதோ', துண்டு துண்டானவன். 'மோலீதோ' மாவரைப்பதிலிருந்து வந்தது, நாளெல்லாம் மூட்டை தூக்கியவனின் உடம்பு வலிக்குப் பொருந்தும், தாயை இழந்தவன் வாயில் வைத்தால் கெட்டது. 'தேவாஸ்தாதோ'வும் இப்போது புழங்குகிறது, ஆனால் அதன் வினைக்கு அகராதி முதலில் சொல்வது ஊரையும் வயலையும் அழிப்பதைத்தான், என் காதுக்கு அது கொஞ்சம் ஆங்கில 'டெவஸ்டேட்டட்' மாதிரியே கேட்கிறது.

உடம்பும் மனசும் சேர்ந்து விழுந்த நிலைக்கு 'எஸ்தார் எச்சோ போல்வோ', தூளாகிக் கிடப்பது. இதைத் தூசு என்ற பெயர்ச்சொல்லான 'போல்வோ'வுக்குக் கீழே தேடவேண்டும், பேச்சுவழக்கு என்ற குறியும் பக்கத்திலேயே இருக்கும். நண்பனிடம் போனில் சொல்லலாம், இரங்கல் கடிதத்தில் வேண்டாம்.

குறை இல்லாமல் இல்லை. எல்லாமே ஸ்பானிஷில்தான், புதிதாகப் படிக்கிறவர் திண்டாடிப்போவார். எடுத்துக்காட்டு வாக்கியங்களும் கம்மி. மெக்சிகோப் பாட்டி எதைச் சொல்வாள், மத்ரீத் இளைஞன் எதைச் சொல்வான் என்பதற்கு சில சொற்களில் நாட்டுப் பெயரின் சுருக்கம் இருக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் பேசுவது பெண் என்றால் 'தெஸ்த்ரோசாதா'. கூடவே, ஸ்பானிஷில் 'இரு' என்பதற்கு உள்ள 'எஸ்தார்', 'செர்' என்ற இரண்டு வினைகளில் 'எஸ்தார்'தான் போடவேண்டும். களைத்தவன் என்ற 'கன்சாதோ'வோடு 'செர்' போட்டுவிட்டால் களைத்தவன் போய், அடுத்தவரைக் களைப்படைய வைக்கிறவன் ஆகிவிடுவான்.

"இனி முடியாது" என்ற பாதிக்கு அகராதியே தேவையில்லை. 'நோ புவேதோ மாஸ்', எல்லா நாட்டிலும் புரியும்.

ஐந்துக்கு நாலு.