கியூ10 எடுத்தேன், அதுவும் 100தான்

சிக்குன்குனியா வந்துபோய் மாதங்கள் ஆகியும் களைப்புப் போகவில்லை, திருகோணமலை உவர்மலை ஏற்றத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போகிறேன். இரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. "வயசும் போகுதுதானே தம்பி" என்றார் டொக்டர். மருந்துக்கடையில் இரண்டு போத்தலை எடுத்து வைத்தார்கள்: வைட்டமின் ஈ, உடலிலேயே உண்டாகும் பொருளான கோஎன்சைம் கியூ10. ஈ மலிவு. இரண்டும் கொழுப்பில் கரைபவை, சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். அதில் பேச ஒன்றுமில்லை.

என் களைப்புக்குக் கிட்டிய நோயில் இவற்றைச் சோதித்திருக்கிறார்களா என்று தேடினேன். 1991 வளைகுடாப் போருக்குப் போய்வந்த அமெரிக்கப் படையினரில்தான் கண்டேன். களைப்பு, தசைநோ, மறதி என்று வருடக்கணக்கில் அவர்களை விடாத நோய். நரம்பு நச்சுவாயுவுக்கு முன்காப்பாகக் கொடுத்த பைரிடோஸ்டிக்மின் குளிசையும் பூச்சிமருந்தும் சேர்ந்து, உயிரணுவுக்குச் சக்தி தரும் மைட்டோகொண்ட்ரியாவைப் பழுதாக்கின என்பது ஒரு கருத்து. கியூ10 வேலை செய்யும் இடமும் அதுதான்.

2014இல் வெளியான கலிபோர்னியா ஆய்வில் இருந்தவர்கள் 46 பேர். வெற்றுக்குளிசை, நாளுக்கு 100 மில்லிகிராம் கியூ10, 300 மில்லிகிராம் கியூ10 என்று மூன்று விதமாக, மூன்றரை மாதமளவில் கொடுத்தார்கள். 100இல் உடல் இயக்கம் தேறியது. 300 அதைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை. கடைக்காரர் என்னிடம் நீட்டியதோ, "இதுதான் ஸ்ட்ரோங்" என்று 300!

எனக்கு முடிவைக் காட்டியது இந்த அளவு விஷயம்தான். போத்தலில் 'அன்டிஒக்சிடன்ட்', அதாவது உயிரணு சேதமாவதைத் தடுப்பது, என்று போட்டிருந்தால் கூடக் கூட நல்லது என்று நினைக்கிறோம். வைட்டமின் ஈயின் கதையைப் பாருங்கள். அல்சைமர் என்ற மறதிநோய் வந்த 613 பேரை, பெரும்பாலும் முன்னாள் படையினரை, கொண்ட ஆய்வில், நாளுக்கு 2000 யூனிட் வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்கள் அன்றாட வேலைகளில் தளர்வது மெதுவானது. அது மெய். ஆனால் நோயில்லாத 35,000க்கு மேற்பட்ட ஆண்களைக் கொண்ட இன்னோர் ஆய்வில், நாளுக்கு 400 யூனிட் எடுத்தவர்களிடம் புரொஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது என்று 2011இல் அறிவித்தார்கள். ஐம்பதைத் தாண்டிய நான், வெறும் களைப்புக்காக அதை வருடக்கணக்கில் விழுங்குவதா?

46 பேர் என்பது சின்னக் கூட்டம், ஒத்துக்கொள்கிறேன். அவர்களுடைய நோயும் என்னுடையதும் ஒன்றல்ல. கியூ10ஐ 100 அளவில் இரண்டு மாதம் எடுத்ததில் ஏற்றத்தின் பாதிவரை மிதிக்கிறேன். அது குளிசையா, நாள் போனதா, அடித்துச் சொல்ல மாட்டேன். மூன்றரை மாதம் முடிந்ததும் நிறுத்திப் பார்ப்பதாக இருக்கிறேன்.

போத்தலைக் கண்ட பெரியம்மா தனக்கும் ஒன்று வாங்கித் தரச் சொன்னார். இதய வால்வு மாற்றி, இரத்தம் உறையாமல் தடுக்கும் வோபரின் குடிக்கிறவர் அவர். கியூ10 வோபரினின் வேலையைக் குறைக்கலாம். வைட்டமின் ஈ கூடினால் இரத்தக் கசிவைக் கூட்டலாம். "ரெண்டும் வேண்டாம் பெரியம்மா, கிளினிக்கில கேக்காமல் ஒண்டும் போடாதேங்கோ" என்றேன். எனக்கு மட்டும் வாங்கிவிட்டேன் என்று இன்னும் கோபம்.